சிறுவர் வைத்தியர் லயத்திலும் படிக்கட்டும்



தோட்டத்துப் பிள்ளை ஏன் மெலிந்திருக்கிறது, ஏன் வயதுக்கேற்ற உயரமில்லை என்று கேட்டால் மேலே இருந்து வரும் பதில் எத்தனையோ வருடமாக ஒன்றுதான்: தாய்மாருக்கு அறிவு போதாது. கருத்தரங்குகளில் இதைப் "போஷாக்கு பற்றிய விழிப்புணர்வுக் குறைபாடு" என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். கிளினிக்கில் "ரொட்டியும் சாயத்தண்ணியும் குடுத்தா பிள்ளை எப்படி வளரும்?" என்று நேராகவே கேட்கிறார்கள். இரண்டும் ஒரே வசவுதான். கருத்தரங்கில் வசவோடு பகல் சாப்பாடும் கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வசவை வாங்கிக்கொண்டு நம் தாய்மார் இனியும் தலைகுனிந்து திரும்பக் கூடாது. அதற்காக நாம் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறோம். இந்த நாட்டில் சிறுவர் நோய் விசேட வைத்தியராகப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியைத் தோட்டப் பகுதியில், தமிழ் பேசிப் பெற வேண்டும். பிள்ளைக்கு மருந்து எழுதப் படிப்பதுபோல, பிள்ளைக்காக வாய்திறக்கவும் படிக்க வேண்டும். பரீட்சையில் இரண்டுக்கும் புள்ளி இருக்க வேண்டும்.

"சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, டொக்டர்மார் படிக்கிற படிப்பு நமக்கெதற்கு?" என்று பெரட்டுக்களத்தில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. 2021 இல் 1000 ரூபாவுக்கும் 2024 இல் 1350 ரூபாவுக்கும் நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் நடப்பதையும் யோசித்துப் பாருங்கள். இந்தச் சம்பளத்தில் பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் வாங்க முடியாது என்று நாம் சொன்னால், "சங்கக்காரர் அப்படித்தான் சொல்வார்" என்று அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்தச் சம்பளத்தால்தான் என் வாட்டில் இத்தனை பிள்ளைகள் கிடக்கின்றன என்று ஒரு விசேட வைத்தியர் கையெழுத்துப் போட்டு எழுதினால், சம்பள நிர்ணய சபையில் அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அந்தக் கையெழுத்து இன்றுவரை நம் பக்கம் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016 இல் நடத்திய குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம். நகரத்தில் 14.7 வீதம். தோட்டத்தில் 31.7 வீதம். நம் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. கொழும்பில் பேசுகிறவர்கள் 17.3 என்ற சராசரியைத்தான் வெளிநாட்டாருக்குக் காட்டுகிறார்கள். நாட்டில் நூற்றுக்கு நாலைந்து பேர் மட்டுமே தோட்டத்தார் என்பதால் நம்முடைய 31.7 அந்தச் சராசரிக்குள் காணாமல் போகிறது. இந்த வித்தை ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். வகுப்பின் சராசரிப் புள்ளியைப் பார்த்துவிட்டு "வகுப்பு பரவாயில்லை" என்று சொல்லிவிடலாம். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்பது சராசரியில் தெரியாது.

"எங்க வம்சமே குட்டை" என்று நம்மவர்களே சொல்வதுண்டு. தயவுசெய்து அதை இனிச் சொல்லாதீர்கள். 2006, 2007 காலத்தில் எடுத்த இதேபோன்ற ஆய்வில் தோட்டத்துப் பிள்ளைகளில் சுமார் 40 வீதம் பேருக்கு உயரம் போதவில்லை. பத்து வருடத்தில் அது 31.7 ஆகக் குறைந்தது. பத்து வருடத்தில் வம்சம் மாறுமா? சாப்பாடும் தண்ணீரும் கிளினிக்கும் கொஞ்சம் மாறின, அதனால் பிள்ளையும் கொஞ்சம் வளர்ந்தது. இன்னும் மாறினால் இன்னும் வளரும்.

தாயின் வயிற்றில் கரு உண்டான நாளிலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயது முடியும் வரையுள்ள சுமார் 1000 நாட்கள்தான் இதில் முக்கியம். அந்தக் காலத்தில் விட்ட உயரத்தைப் பிறகு பிடிப்பது மிகக் கடினம். மூளையின் வளர்ச்சியும் அதே காலத்தில்தான். முதலாம் வகுப்புக்கு வரும்போது காரியம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பாடவேளையிலேயே தலையை மேசையில் சாய்க்கும் பிள்ளைக்கு நாம் 'அ' எழுதக் கற்பிக்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிவு வந்ததும் "தோட்டப் பாடசாலைப் பெறுபேறு மோசம்" என்று செய்தி போடுகிறவர்கள், அந்தப் பெறுபேறு எந்த வயதில் எழுதப்பட்டது என்று ஒருமுறையாவது விசாரித்தார்களா?

அந்த 1000 நாளில் நம் தாய்க்கு என்ன நடக்கிறது? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் சுகாதாரக் கொள்கை. நல்ல கொள்கை. கிளினிக்கில் சுவரொட்டி இருக்கிறது, மருத்துவ மாதுவும் சொல்கிறார், டொக்டரும் சொல்கிறார். பிரசவ விடுமுறை எத்தனை நாள்? 84 நாள். 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு எத்தனையாவது பிள்ளையென்றாலும் 84 நாள்தான். அதில் 14 நாள் பிரசவத்துக்கு முன்னால் போய்விடும். மிச்சம் 70. இடையில் வரும் ஓய்வு நாட்களைத் தள்ளிவிட்டு எண்ணினாலும் முழுசாக மூன்று மாதம் வராது. நான்காம் மாதம் தாய் மலையில், பிள்ளை பிள்ளைக் காம்பராவில். ஒரு அரசாங்கம் ஒரு கையால் "ஆறு மாதம்" என்று எழுதுகிறது, மறு கையால் "84 நாள்" என்று எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவில் விழுகிற பிள்ளைக்குத் தாயைக் குற்றம் சொல்கிறார்கள்.

சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அது நம்மில் பலருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கேட்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 9 மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை பாலூட்ட நேரம் விட வேண்டும். பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். எழுதியவர் கொழும்பில் மேடு பள்ளம் இல்லாத ஒரு கட்டடத்தை நினைத்து எழுதியிருக்க வேண்டும். நம் மலையில் பிள்ளைக் காம்பரா கீழே, கொழுந்து மேலே. இறங்க ஒரு கால் மணி, ஏற அதற்கும் கூட. முப்பது நிமிடமும் பாதையிலேயே போகிறது. அதற்கு மேல் நின்றால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப் பேர். அப்படியிருக்க எந்தத் தாய் இரண்டாம் தடவை இறங்குவாள்?

இந்த இடத்தில் நாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பகுதிக்குச் சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் டொக்டர் வந்தார். நம் மொழி அவருக்குச் சரளமில்லை, ஆனால் பேசப் பயப்படவில்லை. நிறுவையில் எடை ஏறாத கைப்பிள்ளைகள் ஒரே பிரிவிலிருந்து திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, ஒருநாள் காலையில் அந்தப் பிரிவுக்கு வந்து, ஒரு தாயோடு மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு நடந்து இறங்கினார். கையில் கடிகாரம். பிறகு தோட்டத்துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே ஒரு பக்கம். அதன் பிறகு அந்தப் பிரிவில் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பிள்ளைக் காம்பராவை அடுத்த மலையில்தான் கொழுந்து கொடுத்தார்கள். மருந்து இல்லை, ஊசி இல்லை, அரசாங்கப் பணம் ஒரு சதம் இல்லை. சங்கம் மூன்று தடவை கேட்டுக் கிடைக்காதது அந்த ஒரு பக்கத்தில் கிடைத்தது.

ஒன்றரை வருடத்தில் அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு அந்தப் பாதை தெரியாது. துரையும் மாறினார். தாய்மார் மறுபடி மேல் மலைக்கு ஏறினார்கள்.

நாம் கேட்பது இதனால்தான். நல்ல மனிதர் வந்தால் நடக்கும், போனால் நிற்கும் என்ற நிலை வேண்டாம். அந்த நடையும் அந்தக் கடிதமும் பயிற்சியின் பாடமாக இருந்தால், யார் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவருக்கும் அது தெரிந்திருக்கும்.

இப்போது பயிற்சி எப்படி நடக்கிறது? எம்.பி.பி.எஸ். முடித்த டொக்டர் சிறுவர் விசேட வைத்தியராக வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. படிக்க வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி போதனா வைத்தியசாலைகளில். பரீட்சை முடிந்த பிறகு வெளிநாட்டு வைத்தியசாலையிலும் பயிற்சிக்காலம் உண்டு. அந்த நாட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும், அங்கே கற்கவும் நிறைய இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடல் தாண்டிப் போகத் திட்டம் போட முடிந்தவர்களுக்கு, ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு லயத்துக்குப் போகத் திட்டம் போடுவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? சமூக சிறுவர் மருத்துவம் என்று தனிப் பிரிவு இந்த நாட்டில் உண்டு. ஒரு சிலர் விரும்பி எடுக்கும் தனிப் பிரிவாக அது இருப்பது போதாது. நுவரெலியாவில் வாட்டைப் பொறுப்பேற்கப் போகிற எவருக்கும் அது விருப்பப் பாடமாக இருக்க முடியாது.

இதற்குப் பழைய காரணமும் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தோட்டத்தின் வைத்தியம் நாட்டின் வைத்தியத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. 1912 ஆம் வருட வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்தாரின் உடம்பைத் துரைமாரின் செலவுக் கணக்கில் எழுதியது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, மருத்துவ மாது வீடு வீடாகப் போகும் முறை கிராமங்களில் பரவியபோது, நம் மலை கம்பெனியின் மலையாகவே இருந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களில்தான் தொடங்கியது, இன்னும் அரைகுறை. பல தோட்டங்களில் இன்றும் டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளரும்தான். ஆகவே கொழும்பில் படிக்கும் டொக்டருக்குத் தோட்டம் பாடத்தில் இல்லை, படத்திலும் இல்லை. தேயிலை மட்டும் காலையில் கோப்பையில் இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரி வாட்டுக்கு வரும்போது பிள்ளை மட்டும்தான் வருகிறது, லயம் அதோடு வருவதில்லை. மூச்சிழுப்போடு வரும் பிள்ளையைப் பாருங்கள். மருந்துப் புகை பிடித்து, மூன்று நாள் வைத்திருந்து, துண்டு வெட்டி அனுப்புகிறார்கள். பிள்ளை திரும்பி வருவது 10 அடிக்கு 12 அடிக் காம்பராவுக்கு. ஒரு மூலையில் விறகு அடுப்பு, கூரைத் தகரம் ஒழுகி நனைந்த சுவர், ஒரே பாயில் நாலு பேர். அடுத்த மாதம் அதே பிள்ளை அதே வாட்டில். கொப்பியில் "மீண்டும் அனுமதி" என்று எழுதுகிறார்கள். எத்தனை தடவை அனுமதித்தாலும் அடுப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தில் 1993 இல் பாரி சக்கர்மன் என்ற சிறுவர் வைத்தியர் இதே தொல்லையில் மாட்டினார். ஈரச் சுவர் வீட்டுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் மருந்து என்ன செய்யும் என்று யோசித்து, சிறுவர் பிரிவுக்குள்ளேயே ஒரு வழக்கறிஞரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். வீட்டுச் சொந்தக்காரனுக்கு வைத்தியசாலையிலிருந்து வக்கீல் கடிதம் போனது. நம் வீட்டுச் சொந்தக்காரன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு எந்த வாட்டிலிருந்து கடிதம் போயிருக்கிறது?

மொழி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நம் தாய் ஒருத்தி பிள்ளையோடு நின்றதை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். பயிற்சி டொக்டர் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். கோபமாக அல்ல, அன்பாகவே. தாய் ஒவ்வொரு வசனத்துக்கும் "ஹரி, ஹரி" என்று தலையாட்டினாள். வெளியே வந்ததும் கேட்டோம், என்ன சொன்னார்? "தெரியலைங்க சேர், நல்ல டொக்டர், சிரிச்சுப் பேசினாரு" என்றாள். காலையும் இரவும் கொடுக்க வேண்டிய மருந்து அது. தமிழ் 1987 இல் இருந்து அரசியலமைப்பில் அரச கரும மொழி. அரச உத்தியோகத்தருக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி வேண்டுமென்று சுற்றறிக்கையும் இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை வைத்துப் பிள்ளைக்கு எத்தனை மில்லி மருந்து கொடுப்பது என்று அந்தத் தாய் எப்படி அறிவாள்?

மொழிபெயர்ப்பாளர் வைத்தால் போதும் என்பார்கள். போதாது. தாயின் வாயிலிருந்து வருவது அறிகுறி மட்டுமல்ல, காரணமும்தான். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டொக்டர் 1930களில் ஆபிரிக்காவில், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில், வேலை செய்தார். வயிறும் காலும் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகிச் சாகும் பிள்ளைகளைப் பார்த்து, இது என்ன நோய் என்று தாய்மாரிடமே கேட்டார். அவர்கள் "குவாஷியோர்கர்" என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் முலையிலிருந்து விலக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அவர்களுடைய கா மொழியில் அர்த்தம். பெயருக்குள்ளேயே காரணம் இருந்தது: தாய்ப்பால் போனது, பதிலுக்குச் சத்துணவு வரவில்லை. அது வேறு நோய் என்று மற்ற டொக்டர்மார் சாதித்தார்கள். வில்லியம்ஸ் விடவில்லை. 1935 இல் அந்தப் பெயரோடேயே மருத்துவ இதழில் எழுதினார். இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு மலாயாவுக்குப் போன அவர், 1939 இல் சிங்கப்பூரில் மேடையேறி, கைப்பிள்ளைக்கு டின்பால் விற்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். நம் தாய்மாரிடம் அப்படிக் கேட்ட டொக்டர் எத்தனை பேர்? "அறிவில்லை" என்று முடிவு கட்டிவிட்டால் கேட்கத் தேவையில்லையே.

"டொக்டரின் வேலை வைத்தியம், அரசியல் அல்ல" என்று அடுத்த ஆட்சேபம் வரும். அதற்கு ஒரு பதிலை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து சொல்கிறோம். அங்கே பிளின்ட் என்று ஒரு நகரம். பெரும்பாலும் கறுப்பின மக்கள், ஏழைகள், கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலை இழந்தவர்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க என்று நகரத்தின் குடிதண்ணீரை ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். தண்ணீர் குழாயை அரித்தது, பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. ஈயம் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் விஷம். தாய்மார் கலங்கல் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் கேட்கவில்லை. அதே ஒக்டோபரில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லித் தன் தொழிற்சாலைக்கு வேறு தண்ணீர் எடுத்துக்கொண்டது. இரும்புக்கு வந்த தீங்கு உடனே கேட்டது. பிள்ளைக்கு வந்த தீங்கு கேட்க இன்னும் ஒரு வருடம் போனது.

அதைக் கேட்க வைத்தவர் மோனா ஹன்னா அட்டிஷா. ஈராக்கிய வம்சாவளிக் குடும்பத்துப் பெண். நகரத்து வைத்தியசாலையில் சிறுவர் மருத்துவப் பயிற்சித் திட்டத்துக்கே பொறுப்பாளர், அதாவது இளம் டொக்டர்மாரைச் சிறுவர் வைத்தியராக்கும் வேலை அப்போது அவருடையது. வைத்தியசாலையில் ஏற்கெனவே இருந்த இரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து, தண்ணீர் மாற்றுவதற்கு முன், பின் என்று பிரித்து, எந்தப் பகுதிப் பிள்ளைகள் என்று பார்த்தார். ஈயம் கூடியிருந்தது. 2015 செப்டெம்பரில் பத்திரிகையாளரைக் கூட்டிச் சொன்னார். மாநில அதிகாரிகள் அவரைக் குழப்பம் விளைவிக்கிறார் என்றார்கள். சில நாளில் அவர்களுடைய கணக்கும் அவர் சொன்னதையே காட்டியது. ஒக்டோபரில் தண்ணீர் பழையபடி மாற்றப்பட்டது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அலுமாரியில் கிடந்த கொப்பியைத் திறந்து, தாய்மார் சொன்னது சரியா என்று பார்த்தார். அந்த நாட்டில் சிறுவர் மருத்துவப் பயிற்சியில் சமூகத்துக்குள் போய்க் கற்பதும் பிள்ளைக்காகக் குரல் கொடுப்பதும் கட்டாயப் பகுதி. பிளின்டில் அந்தப் பாடத்தைக் கற்பித்தவரே அதைச் செய்தும் காட்டினார்.

நம் அலுமாரிகளிலும் கொப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையின் எடையும் உயரமும் எழுதப்படுகிறது. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று பிரித்துக் கூட்டிப் பார்த்தால் பீலித் தண்ணீர் கெட்ட பிரிவு எது, பிள்ளைக் காம்பரா மூடிக் கிடக்கும் பிரிவு எது, 2022 நெருக்கடியில் திரிபோஷா வராத மாதங்களில் எடை எங்கே விழுந்தது என்று தெரிந்துவிடும். கூட்டிப் பார்க்கும் டொக்டர் வேண்டும். பார்த்ததைச் சொல்லும் டொக்டரும் வேண்டும்.

சொன்னால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2022 செப்டெம்பரில், பாடசாலைப் பிள்ளைகள் பசியில் மயங்கி விழுவதைப் பற்றி ஆசிரியர்களும் சுகாதாரத் துறையினரும் பேசத் தொடங்கியதும், அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பிள்ளைக்குச் சோறு வருவதற்கு முன் டொக்டருக்கும் ஆசிரியருக்கும் வாய்ப்பூட்டு வந்தது. ஆகவே பேசக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது, பேசியவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். டொக்டர்மாருக்கும் பலமான சங்கம் இருக்கிறது. தங்கள் கொடுப்பனவுக்காக ஒருநாள் வேலைநிறுத்தம் செய்து நாட்டையே நிறுத்திக் காட்டக்கூடியவர்கள். நம் பிள்ளையின் உயரத்துக்காக உண்மை சொன்ன ஓர் இளம் டொக்டர் தண்டிக்கப்பட்டால் அந்தச் சங்கமும் நம் சங்கமும் ஒரே நாளில் வீதிக்கு வர வேண்டும். இதை அவர்களிடம் நேரில் பேசத் தொடங்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, அவர்களும் சந்தா கட்டுகிறவர்கள்தான்.

"டொக்டர்மாரே நாட்டை விட்டுப் போகிறார்கள், இருக்கிறவரையும் மலைக்கு ஏறச் சொன்னால் அவரும் போய்விடுவார்" என்கிறார்கள். ஆட்பற்றாக்குறை உண்மை. 2022க்குப் பிறகு எத்தனையோ வைத்தியசாலைகளில் கதிரை காலி. ஆனால் நாம் புதிய கட்டடமோ புதிய பதவியோ கேட்கவில்லை. ஏற்கெனவே நடக்கும் பயிற்சியின் சில மாதங்களை நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ பதுளையிலோ நடத்துங்கள் என்கிறோம். டிக்கோயா ஆஸ்பத்திரியில் இந்திய உதவியில் கட்டிய புதிய கட்டடத்தை 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். கட்டடம் இருக்கிறது, பிள்ளைகளும் வேண்டிய அளவு இருக்கிறார்கள். தங்க அறையும் மேற்பார்வை செய்ய விசேட வைத்தியரும் கொடுத்தால் இளம் டொக்டர்மார் வருவார்கள். வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

அந்த மாதங்களில் வாட்டில் மட்டும் நிற்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைக் காம்பராவில் (இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், உள்ளே அதே ஈரத் தரைதான்) நின்று பார்க்கட்டும். மருத்துவ மாதுவோடு லயத்துக்கு ஏறட்டும். மூன்று பிரிவுக்கு ஒரே ஆளாக ஓடும் அந்த மருத்துவ மாதுவிடம் படிக்க நிறைய இருக்கிறது. பிள்ளை பார்க்கும் ஆயாவை ஆசிரியையாக ஏற்று, அவருக்கு அந்த நாளுக்குரிய கொடுப்பனவும் கொடுக்கட்டும். முடிவில் ஒவ்வொரு பயிற்சி டொக்டரும் தான் கண்ட ஒரு காரணத்தைப் பற்றி, அதை மாற்ற அதிகாரம் உள்ளவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். துரைக்கோ, கம்பெனிக்கோ, பிரதேச சபைக்கோ, தொழில் ஆணையாளருக்கோ. அதன் பிரதி பரீட்சகருக்கும் சங்கத்துக்கும். தாயோடு தமிழில் பேசி விபரம் எடுப்பதைப் பரீட்சையின் ஒரு பகுதியாக்குங்கள். தவறினால் மறுபடி எழுதட்டும், நம் பிள்ளைகள் சிங்களப் படிவத்தை எத்தனை தடவை மறுபடி எழுதியிருக்கிறார்கள்!

இதைப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்துக்கும் சுகாதார அமைச்சுக்கும் சிறுவர் வைத்தியர்களின் கல்லூரிக்கும் சங்கம் எழுத்தில் கொடுக்கப் போகிறது. வெறும் கோரிக்கைக் கடிதம் என்றால் கோப்புக்குள் போகும். அதனால் கணக்கோடு போக வேண்டும். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் பிரிவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, கிளினிக் கொப்பியில் எடையோ உயரமோ குறைந்த பகுதிக்குள் விழுந்தவர்கள் எத்தனை, பிள்ளைக் காம்பரா திறந்த நாள் எத்தனை, கொழுந்து மலையிலிருந்து அங்கே நடக்க எத்தனை நிமிடம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். நிமிடத்தை யூகித்து எழுத வேண்டாம், பால் கொடுக்கும் தாய் ஒருவரோடு கடிகாரம் பார்த்து நடந்து எழுதுங்கள். கொப்பியைக் காட்ட டிஸ்பென்சரியில் மறுத்தால் அங்கே சண்டை பிடிக்க வேண்டாம். அந்தக் கொப்பி தாயின் வீட்டில் இருக்கிறது, தாயிடம் கேளுங்கள்.